எங்கே சந்திப்பது? இஸ்ரேலிய, பாலஸ்தீனப் பெண்களின் சமாதான முயற்சிகள் (விவாத இழை)

வைகைக்கரை எழுதியது:

எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த மாதம் என் முறை. இஸ்ரேலியப் பெண்களும் பாலஸ்தீனப் பெண்களும் சேர்ந்து செய்த சமாதான வேலைகளைப் பற்றிப் பேசுகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இரண்டு வாரமாகப் படிக்கிறேன். ஒரு தேதியைத் தாண்டி நகர முடியவில்லை.

2023 அக்டோபர் 4, புதன்கிழமை. இஸ்ரேலில் ‘நஷீம் ஓசோத் ஷாலோம்’ என்று ஓர் இயக்கம் இருக்கிறது. ‘சமாதானம் செய்யும் பெண்கள்’ என்று பொருள். பெத்லகேமில் ‘சூரியப் பெண்கள்’ என்று பாலஸ்தீனப் பெண்களின் இயக்கம் ஒன்று. அன்றைக்கு இரண்டும் சேர்ந்து ஜெருசலேமில் கூடினார்கள், அப்புறம் சாக்கடல் கரைக்குப் போனார்கள். பேச்சுவார்த்தை மேசைக்குத் திரும்புங்கள் என்று தலைவர்களுக்குச் சொல்வதற்காக ஒரு மேசையையே கொண்டுபோய்ப் போட்டார்கள். இந்த வேலைகளில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் விவியன் சில்வர். கனடாவின் வினிபெக் நகரில் பிறந்து, 1974-ல் இஸ்ரேலுக்குக் குடிவந்து, காசா எல்லையை ஒட்டிய பெஎரி கிப்புட்ஸில் (கூட்டுக் குடியிருப்பு) வாழ்ந்தவர். 74 வயது. காசாவிலிருந்து சிகிச்சைக்கு வரும் நோயாளிகளை எல்லைச் சாவடியிலிருந்து தன் காரில் ஏற்றிக்கொண்டு இஸ்ரேலிய மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோய் விடுவதும் அவர் செய்துவந்த வேலைகளில் ஒன்று.

மூன்றாம் நாள், சனிக்கிழமை, ஹமாஸ் தாக்குதலில் சொந்த வீட்டிலேயே கொல்லப்பட்டார். பிணைக்கைதியாகக் கொண்டுபோயிருப்பார்கள் என்றுதான் குடும்பம் நம்பிக்கொண்டிருந்தது. நவம்பர் 13 அன்றுதான் எச்சங்களை அடையாளம் கண்டு சொன்னார்கள். அதற்குள் காசாவில் என்ன நடக்கத் தொடங்கியிருந்தது என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

என் கேள்வி இதுதான். இந்தப் பெண்கள் உண்மையிலேயே எதையாவது மாற்றினார்களா? இல்லை, வெள்ளை உடுத்தி நடந்ததும் பாட்டுப் பாடியதும்தான் மிச்சமா? வட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் இதைக் கேட்பார். என்னிடம் பதில் இல்லை.

-----

பருத்திக்கொட்டை எழுதியது:

இதை எவ்வளவு நேரத்தில் பேசி முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்?

-----

வைகைக்கரை எழுதியது:

அரை மணி நேரம். டீ நேரம் உட்பட.

-----

சாம்பல்பறவை எழுதியது:

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். விவியன் சில்வர் போன்றவர்களின் நல்ல மனதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் அவர்கள் சந்திப்புகளில் வட்டமாகப் போட்ட நாற்காலிகள் மேல்.

ஒரு நாற்காலியில் உட்காருபவருக்குச் சொந்த அரசு, ராணுவம், கடவுச்சீட்டு, விமான நிலையம் எல்லாம் இருக்கின்றன. எதிர் நாற்காலியில் இருப்பவர் அங்கே வந்து உட்காருவதற்கே முதலாமவரின் ராணுவத்திடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இரண்டு பேரையும் பக்கத்தில் உட்காரவைத்து “நாம் எல்லாரும் அம்மாக்கள்” என்று சொன்னால் படம் நன்றாக வரும். கூட்டம் முடிந்ததும் ஒருவர் டெல் அவிவுக்குக் காரில் போவார். இன்னொருவர் சாவடியில் வரிசையில் நிற்பார்.

பாலஸ்தீனர்கள் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: தத்பீஉ. இயல்பாக்கம் என்று சொல்லலாம். சரியில்லாத ஒன்றைச் சரியாக இருப்பதுபோலக் காட்டுவது. ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்து இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அது வசை. அவள் கூட்டத்துக்குப் போய் வந்ததன் விலை அது. இஸ்ரேலியப் பெண்ணுக்கும் திட்டு விழும், ‘துரோகி’ என்பார்கள். ஆனால் இரண்டும் ஒரே எடை இல்லை.

இன்னொன்று. ‘சமாதானம் செய்யும் பெண்கள்’ 2014-ல் காசாப் போருக்குப் பிறகு தொடங்கிய நாளிலிருந்து எந்தத் தீர்வு என்று சொல்ல மாட்டோம் என்பதையே கொள்கையாக வைத்திருக்கிறார்கள். ஓர் அரசா, இரண்டு அரசா, 1967-ல் பிடித்த நிலத்தில் இஸ்ரேலியர்கள் அமைத்த குடியேற்றங்கள் என்ன ஆகும், ஒன்றும் கிடையாது. இரு தரப்பும் ஏற்கும் ஓர் உடன்படிக்கை வேண்டும், அதில் பெண்கள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆக்கிரமிப்பு என்ற சொல்லையே ஓரமாக வைத்துவிட்டு என்ன சமாதானம்?

-----

எழுத்தாணி எழுதியது:

தோழர் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்ட வேண்டாம். நாற்பது வருடத்துக்கு நெருங்கிய கதை இது. ஒவ்வொரு குழுவும் வேறு வேறு ஆளிடம் வேறு வேறு விஷயத்தைக் கேட்டது.

முதல் இன்திஃபாதா, அதாவது பாலஸ்தீன மக்கள் எழுச்சி, 1987 டிசம்பரில் வெடித்தது. அடுத்த மாதமே, 1988 ஜனவரியில், ஜெருசலேமில் சில இஸ்ரேலியப் பெண்கள் கறுப்பு உடுத்திக்கொண்டு தெருமுனையில் நின்றார்கள். ‘கறுப்புடைப் பெண்கள்’. வெள்ளிக்கிழமை மதியம் 1 முதல் 2 வரை ஒரு மணி நேரம். பேச்சு கிடையாது, கோஷம் கிடையாது. கை வடிவத்தில் வெட்டிய கறுப்புப் பலகையில் ‘ஆக்கிரமிப்பை நிறுத்து’ என்ற ஒரே வாசகம். அவர்கள் உலகத்தோடு சமாதானம் பேசவில்லை, தங்கள் அரசிடம் ஒன்றைக் கேட்டார்கள். தோழர் தேடும் சொல் அவர்கள் பலகையிலேயே இருந்தது. 1991-ல் யுகோஸ்லாவியா உடைந்தபோது பெல்கிரேடு பெண்கள் இதே வடிவத்தை எடுத்துக்கொண்டு தங்கள் அரசுக்கு எதிராக நின்றார்கள்.

அடுத்து, இங்கே அதிகம் பேசப்படாத ஒன்று: ‘ஜெருசலேம் இணைப்பு’. 1989-ல் பிரஸ்ஸல்ஸில் இரு தரப்புப் பெண்களும் சந்தித்ததில் முளைவிட்டு, 1994-ல் உருவம் எடுத்தது. அதன் அமைப்பைப் பாருங்கள். ஒரே சங்கமாகச் சேரவில்லை. மேற்கு ஜெருசலேமில் ‘பத் ஷாலோம்’ என்ற இஸ்ரேலியப் பெண்கள் அமைப்பு, கிழக்கு ஜெருசலேமில் பாலஸ்தீனப் பெண்களின் மையம். தனித்தனி அலுவலகம், தனித்தனி நிர்வாகம், நடுவில் கூட்டாக ஒரு கொள்கை அறிக்கை. இரண்டு அரசுகள், ஜெருசலேம் இரண்டுக்கும் தலைநகர் என்று அதில் எழுதினார்கள். அந்த வருடங்களில் இஸ்ரேலில் பெரிய கட்சி எதுவும் வாய்விட்டுச் சொல்லாத வாசகம் அது. நாற்காலிகள் சமமில்லை என்று தெரிந்ததால்தான் இரண்டு வீடாகவே வைத்துக்கொண்டார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அது எங்கே முறிந்தது தெரியுமா? 1948-ல் ஊரை விட்டுப் போக நேர்ந்த பாலஸ்தீன அகதிகளின் திரும்பும் உரிமையில். 2000 செப்டம்பரில் இரண்டாம் இன்திஃபாதா தொடங்கிய பிறகு பாலஸ்தீனப் பெண்கள் இதில் தெளிவான பதில் கேட்டார்கள். இஸ்ரேலியப் பெண்களில் பலரால் அந்த அடியை வைக்க முடியவில்லை. பாலஸ்தீன மையத்துக்கு 1997 முதல் 2001 வரை தலைமை வகித்தவர் சுமைய்யா ஃபர்ஹத் நாசெர், பிர்செய்த் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். அந்த வருடங்களில் சந்திப்பதற்கே வழியில்லாமல் பெரும்பாலும் கடிதமும் மின்னஞ்சலுமாகத்தான் சண்டை போட்டுக்கொண்டார்கள். எனக்கு அந்தச் சண்டை பெரிய விஷயமாகப் படுகிறது. கட்டிப்பிடித்துப் படம் எடுப்பதைவிட ‘இந்த வரியில் எனக்குச் சம்மதமில்லை’ என்று எழுதுவது கடினம்.

மூன்றாவது, ‘நான்கு அன்னையர்’. 1997 பிப்ரவரி 4 அன்று, இஸ்ரேல் அப்போது பிடித்துவைத்திருந்த தெற்கு லெபனானுக்கு வீரர்களை ஏற்றிச் சென்ற இரண்டு ஹெலிகாப்டர்கள் மோதி 73 பேர் இறந்தார்கள். வடக்கு இஸ்ரேலில், மகன்களைப் படைக்கு அனுப்பியிருந்த நான்கு பெண்கள் ‘லெபனானில் நமக்கு என்ன வேலை?’ என்று கேட்டார்கள். சாரா, ரெபெக்கா, ராகேல், லேயாள் என்ற வேதாகமத்து நான்கு தாய்மாரை நினைவூட்டும் பெயர். ராணுவ விஷயத்தில் பெண்களுக்கு என்ன தெரியும் என்று கேலி செய்தார்கள். 1999 தேர்தலில் பிரதமர் பதவிக்கு நின்ற எஹுத் பராக் ஒரு வருடத்தில் வெளியேறுகிறேன் என்று வாக்குறுதி கொடுத்தார். 2000 மே மாதம் படை வெளியேறியது. அவர்களும் கடையைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். “எதையாவது மாற்றினார்களா” என்று வட்டத்தில் கேட்டால் இதை எடுத்து வையுங்கள்.

-----

தக்கலை நர்ஸ் எழுதியது:

நான் இந்தக் குழுமத்தில் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. கறுப்புடைப் பெண்கள் என்றதும் எழுத வேண்டும் போல இருக்கிறது.

ஜெருசலேமில் 5 வருடம் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். நான் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு அப்போது 84 வயது. இடுப்பு உடைந்து சக்கர நாற்காலி. எல்லாவற்றுக்கும் ‘பிறகு பார்க்கலாம்’ என்பவர், வெள்ளிக்கிழமை 12.30 ஆனால் மட்டும் பரபரப்பாகிவிடுவார். கறுப்பு மேல்சட்டை, கறுப்புத் தொப்பி. பாரிஸ் சதுக்கம் என்று ஒரு சந்திப்பு, பல சாலைகள் வந்து கூடும் இடம். அங்கே தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

போன முதல் வாரம் நான் பயந்துவிட்டேன். ஐந்தாறு கிழவிகள், பத்துப் பேர் இருந்தால் அதிகம். காரில் போகிறவர்கள் கண்ணாடியை இறக்கி என்னவோ கத்துகிறார்கள். விரலைக் காட்டுகிறார்கள். எனக்கு அப்போது எபிரேயம் தெரியாது. என்னம்மா சொல்கிறார்கள் என்று கேட்டேன். “நீ கற்றுக்கொள்ள வேண்டாத வார்த்தைகள்” என்றார். பிறகு ஆறு மாதத்தில் அந்த வார்த்தைகள் எல்லாம் எனக்கே தெரிந்துவிட்டன. தெருவில் கேட்டால் முதலில் புரிவது அதுதானே.

சரியாக 2 மணிக்கு பலகையை மடக்கிவிடுவார்கள். யூதர்களின் ஓய்வு நாளான சப்பாத் தொடங்கப்போகிறது, பஸ் நின்றுவிடும், கடை அடைத்துவிடுவார்கள். ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். மழையானாலும் போவார். இதனால் என்னம்மா பிரயோஜனம் என்று ஒரு நாள் கேட்டேன். “நான் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருவராவது பார்க்கட்டும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அரசியல் எல்லாம் தெரியாது. பார்த்ததைச் சொன்னேன்.

-----

ஊதாப்பூ எழுதியது:

அக்கா, நீங்கள் இனி அடிக்கடி எழுத வேண்டும். இது கட்டளை.

-----

சாம்பல்பறவை எழுதியது:

நர்ஸ் அக்காவுக்கு நன்றி. அந்தப் பாட்டி மேல் எனக்கு மரியாதை. நின்ற இடமும் பிடித்த பலகையும் சரி.

ஆனால் எழுத்தாணி சாரின் ‘நான்கு அன்னையர்’ உதாரணம் எனக்குத்தான் உதவுகிறது. அவர்கள் ஜெயித்ததற்குக் காரணம் சொந்த மகன்களை வீட்டுக்குக் கூப்பிட்டது. தெற்கு லெபனானில் அந்தப் படையின் கீழ் வாழ்ந்த அம்மாக்களைப் பற்றி அவர்கள் பேசவில்லை, பேசியிருந்தால் ஜெயித்திருக்கவும் மாட்டார்கள். மேற்குக் கரையிலும் காசாவிலும் அப்படி ‘மகனைத் திருப்பிக் கூப்பிடு’ என்றால் முடியாது. அங்கே குடியேற்றங்கள் இருக்கின்றன, நிலம் இருக்கிறது.

என் மனதுக்குப் பிடித்த உதாரணம் வேறு. ரமல்லாவுக்கு மேற்கே புத்ருஸ் என்று ஒரு சிற்றூர். 2003-ல் இஸ்ரேல் கட்டிய பிரிவினை வேலி அவர்களுடைய ஆலிவ் தோப்பு வழியாகப் போவதாக இருந்தது. ஊர்க்காரர்கள் ஆயுதம் இல்லாமல் மறித்தார்கள். முதலில் ஆண்கள் மட்டும்தான். இல்தெஸாம் மொர்ரார் என்ற 15 வயதுப் பெண், பெண்கள் ஏன் வரக்கூடாது என்று தன் அப்பாவிடம் கேட்டாள். அப்புறம் பெண்கள் முன்வரிசைக்கு வந்தார்கள். மண் தோண்டிய குழிக்குள் அந்தப் பெண் குதித்து நின்றதால் புல்டோசர் பின்வாங்கியது. இஸ்ரேலியர்களும் வந்து அவர்களோடு நின்றார்கள். கடைசியில் வேலியின் பாதையை எல்லைக்கோட்டுப் பக்கம் நகர்த்தினார்கள், தோப்பில் பெரும்பகுதி பிழைத்தது. இங்கே இஸ்ரேலியர்கள் விருந்தாளிகளாக வந்தார்கள், பாலஸ்தீனர்கள் கூப்பிட்ட இடத்தில் நின்றார்கள். இதை நான் ஏற்றுக்கொள்வேன்.

-----

முகிலன்77 எழுதியது:

வைகைக்கரை, தலைப்பையே ‘எங்கே சந்திப்பது’ என்று வைத்திருக்கிறீர்கள். ஆனால் அதைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. எனக்கு வரைபடம் பார்க்கிற பைத்தியம் உண்டு, அதனால் கொஞ்சம் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் செய்த ஒஸ்லோ உடன்படிக்கைகளுக்குப் பிறகு மேற்குக் கரை ஏ, பி, சி என்று மூன்று பகுதி. சி முழுக்க இஸ்ரேல் கட்டுப்பாட்டில், பி-யில் நிர்வாகம் பாலஸ்தீனர்களிடம், பாதுகாப்பு இஸ்ரேலிடம். ஏ பகுதி பெரிய பாலஸ்தீன நகரங்கள். இஸ்ரேலியக் குடிமக்கள் அதற்குள் போகக்கூடாது, சாலையோரம் பெரிய சிவப்புப் பலகை வைத்திருக்கிறார்கள்: நுழைவது உயிருக்கு ஆபத்து, சட்டப்படி குற்றம். பாலஸ்தீனப் பெண்ணோ அனுமதிச் சீட்டு இல்லாமல் இஸ்ரேலுக்குள் வர முடியாது. ஆக, அவள் வீட்டுக்கு இவள் போக முடியாது. இவள் வீட்டுக்கு அவள் வர முடியாது. இரண்டு பேரும் கால் வைக்கக்கூடிய இடம் சி பகுதியும், கொஞ்சம் பி பகுதியும்தான். பெய்த் ஜாலா மலைமேல் ஒரு ஹோட்டல், ஜெரிக்கோ பக்கம், சாக்கடல் கரை என்று இவர்கள் கூட்டம் எல்லாம் அதே சில இடங்களைச் சுற்றிச் சுற்றி வருவது இதனால்தான்.

2016 அக்டோபரில் ‘சமாதானம் செய்யும் பெண்கள்’ நடத்திய ‘நம்பிக்கை நடை’யை எடுத்துக்கொள்ளுங்கள். லெபனான் எல்லையில் உள்ள ரோஷ் ஹனிக்ராவில் தொடங்கி இரண்டு வாரம். பாலஸ்தீனப் பெண்கள் பெரிய அளவில் சேர்ந்த நாள் அக்டோபர் 19. இடம் ஜெரிக்கோ அருகே யோர்தான் ஆற்றங்கரையில் கஸ்ர் அல் யஹூத். இயேசு ஞானஸ்நானம் பெற்றதாகக் கிறிஸ்தவர்கள் நம்பும் இடம். கிட்டத்தட்ட 4,000 பெண்கள், அதில் ஆயிரம் பேர் அளவில் பாலஸ்தீனப் பெண்கள். லைபீரியப் போரைப் பெண்களைத் திரட்டி நிறுத்த வைத்து, 2011-ல் நோபல் வாங்கிய லேமா போவீ வந்திருந்தார். வெள்ளை உடையில் ஆற்றை நோக்கி நடக்கும் அந்தப் படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். படத்தில் தெரியாத ஒன்று: அந்தப் பாதையின் இரண்டு பக்கமும் முள்வேலி, வேலிக்கு அந்தப்புறம் 1967 போருக்குப் பின் புதைத்த கண்ணிவெடிகள். பழைய தேவாலயங்கள்கூட அதற்குள் பூட்டிக் கிடந்தன. அங்கே அகற்றும் வேலையே 2018-ல்தான் தொடங்கியது.

இவ்வளவு பெரிய நாட்டில் இவர்கள் சந்திக்கக் கிடைத்த இடம் அது.

-----

பருத்திக்கொட்டை எழுதியது:

கண்ணிவெடி விஷயம் தெரியாது. அந்த நடையின் பாட்டு வீடியோவை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ காலை வணக்கத்தோடு அனுப்பியிருந்தார்கள்.

-----

வைகைக்கரை எழுதியது:

முகிலன், இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது. இதையே பேச்சுக்கு முதுகெலும்பாக வைத்துக்கொள்கிறேன்.

இதோடு சேர்த்து நான் படித்தது: துயரில் இணைந்த பெற்றோரின் குடும்ப மன்றம், இன்னும் சில அமைப்புகளோடு சேர்ந்து, 2006 முதல் வருடா வருடம் கூட்டு நினைவு நிகழ்ச்சி நடத்துகிறது. இஸ்ரேலின் நினைவு நாளில், இரு தரப்பிலும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் ஒரே மேடையில். 2018-லும் 2019-லும் பாலஸ்தீனக் குடும்பங்களுக்கு அரசு அனுமதி மறுத்து, உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் வந்து சேர்ந்தார்கள். 2023 அக்டோபருக்குப் பிறகு அதுவும் இல்லை. நேரில் வர முடியாமல் 2024 நிகழ்ச்சிக்கு அவர்கள் பங்கை முன்கூட்டியே பதிவு செய்து திரையில் காட்டினார்கள்.

ஒரு சந்தேகம். இவர்கள் எல்லாரும் ‘அம்மா’ என்ற ஒரே வாசல் வழியாகவே வருகிறார்களே, ஏன்? ‘நான்கு அன்னையர்’. 2022-ல் ‘சமாதானம் செய்யும் பெண்களும்’ ‘சூரியப் பெண்களும்’ சேர்ந்து வெளியிட்ட ‘அன்னையரின் அழைப்பு’. பெண் என்றால் அம்மாவாக மட்டும்தான் பேச முடியுமா?

-----

ஊதாப்பூ எழுதியது:

வந்துவிட்டேன், இது என் ஏரியா.

இஸ்ரேலில் பாதுகாப்பு பற்றிப் பேச ஒருவருக்கு என்ன தகுதி என்று கேட்டால், படையில் எந்தப் பிரிவில் இருந்தாய் என்று பார்ப்பார்கள். பெண்ணுக்கு அந்தத் தகுதியைக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் ‘சிப்பாயின் அம்மா’ என்றால் வாயை மூடச் சொல்ல முடியாது. பாலஸ்தீனத்திலும் ‘தியாகியின் அம்மா’ என்றால் ஊரே எழுந்து நிற்கும். அதனால் பெண்கள் திறந்திருந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். அது அவர்கள் கட்டிய வாசல் இல்லை.

பிரச்சினை என்னவென்றால், அதே வாசலில் அரசும் இயக்கங்களும் காவலுக்கு நிற்கின்றன. பிள்ளையைக் கொடுத்த அம்மா என்றால் பெருமைப்பட வேண்டும், பழி கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அதைச் செய்யாத அம்மா வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் முழிக்கிறார்கள். துயரில் இணைந்த பெற்றோர் மன்றத்துப் பெண்கள் எனக்கு முக்கியமாகப்படுவது அங்கேதான்.

ராபி டமெலின் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். 2002 மார்ச்சில் ஒரு சோதனைச் சாவடியில் பணியில் இருந்த மகன் டேவிட்டைப் பாலஸ்தீனத் துப்பாக்கிக்காரர் சுட்டுக் கொன்றார். செய்தி சொல்ல வந்த ராணுவத்தாரிடம் அவர் சொன்னது, என் மகன் பெயரைச் சொல்லி யாரையும் கொல்லாதீர்கள் என்பது. பின்னால் சுட்டவரின் குடும்பத்துக்குக் கடிதம் எழுதினார். சுட்டவரிடமிருந்து இதமான பதில் எதுவும் வரவில்லை, அதையும் ராபி மறைக்காமல் மேடைகளில் சொல்கிறார்.

பாலஸ்தீனத் தரப்பில் லைலா அல்ஷெய்க், பெத்லகேம் அருகே பத்தீர் ஊர். அதே 2002. ஆறு மாதக் குழந்தை குஸை கண்ணீர்ப்புகையில் மூச்சுத் திணறுகிறான். மருத்துவமனைக்குப் போகிற வழியில் சிப்பாய்கள் மணிக்கணக்கில் நிறுத்திவைக்கிறார்கள். போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது. குழந்தை பிழைக்கவில்லை. அவர் மன்றத்தில் சேர்ந்தது 2016-ல். நடுவில் 14 வருடம். அந்த 14 வருடத்தைப் பற்றித்தான் வட்டத்தில் பேச வேண்டும் என்பேன். யாரும் கூட்டத்துக்கு வந்து ஒரு மணி நேரத்தில் மனம் மாறிவிடுவதில்லை.

-----

யாழ்வாசி எழுதியது:

எங்கட அன்னையர் முன்னணி 1984-ல் யாழ்ப்பாணத்தில் தொடங்கினதும் இதே மாதிரித்தான், பிடிச்சுக்கொண்டு போன பெடியளை விடச் சொல்லி. ‘அம்மா’ என்றதால்தான் அன்றைக்கு ரோட்டிலை இறங்க ஏலுமாயிருந்தது. ஊதாப்பூ சொன்ன வாசல் காவல் கதையும் பிறகு நடந்தது.

-----

நெறியாளர் எழுதியது:

யாழ்வாசி, இது பெரிய கதை. இங்கே ஓரத்தில் போட்டால் வீணாகும். தனி இழையாகத் தொடங்குங்கள், நானே மேலே ஒட்டிவைக்கிறேன். மற்றவர்கள் இங்கே தலைப்போடு இருங்கள்.

-----

முகிலன்77 எழுதியது:

பேச்சுவார்த்தை மேசை பற்றி ஒரு கூடுதல் தகவல். ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1325-ஆம் தீர்மானம் (2000 அக்டோபர் 31) சமாதானப் பேச்சுகளில் பெண்கள் பங்கேற்க வேண்டும் என்கிறது. இஸ்ரேல் 2005-லேயே அதைத் தன் சட்டத்தில் சேர்த்துவிட்டது. உலகில் முதல் நாடுகளில் ஒன்று என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். 2023 அக்டோபர் 11 அன்று போர் அமைச்சரவை அமைத்தார்கள். மூன்று உறுப்பினர்கள், இரண்டு பார்வையாளர்கள். ஐவரும் ஆண்கள்.

காசா எல்லையில் கண்காணிப்புத் திரை முன்னால் உட்கார்ந்திருந்த இளம்பெண் சிப்பாய்கள், அந்தப் பக்கம் என்னவோ பயிற்சி நடக்கிறது என்று ஹமாஸ் தாக்குதலுக்கு முன் மாதக்கணக்கில் எச்சரித்ததையும் மேலே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

-----

சாம்பல்பறவை எழுதியது:

அந்தச் சிப்பாய்களைச் சமாதானக் கணக்கில் எழுத வேண்டாம், முகிலன். அவர்கள் வேலை வேலியைக் காப்பது. பெண் சொன்னால் கேட்கவில்லை என்ற புள்ளி சரி, அதற்குமேல் இழுக்காதீர்கள்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ‘சூரியப் பெண்கள்’ பற்றி நேற்றுவரை நான் சரியாகப் படித்ததில்லை. இஸ்ரேலிய அமைப்பின் கிளை என்றே நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 2021-ல் ரீம் ஹஜாஜ்ரே தொடங்கியது. பெத்லகேமில் உள்ள துஹெய்ஷா அகதிகள் முகாம்காரர். 1949-ல் போட்ட முகாம் அது. அங்கே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு ஆக்கிரமிப்பு என்றால் என்ன என்று நான் சொல்லித்தரத் தேவையில்லை. தங்கள் சமூகத்துப் பெண்களின் வருமானம், சொந்தக் காலில் நிற்பது என்று வீட்டுப் பக்கத்து வேலையும் சேர்த்தே செய்கிறார்கள். எழுத்தாணி சார் சொன்ன ‘இரண்டு வீடு’ வடிவம்தான் இதுவும். அதனால் ‘இயல்பாக்கம்’ என்று மொத்தமாக முத்திரை குத்தியதை இவர்கள் விஷயத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். தீர்வு சொல்லாத கொள்கை பற்றிய என் சண்டை அப்படியே இருக்கிறது.

-----

எழுத்தாணி எழுதியது:

தோழர் பின்வாங்கி இந்தக் குழுமத்தில் இன்றுதான் பார்க்கிறேன். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தீர்வு சொல்லாததற்கு ‘சமாதானம் செய்யும் பெண்கள்’ பக்க நியாயம் ஒன்று உண்டு. வலதுசாரிகள், மதப்பற்றுள்ளவர்கள், குடியேற்றத்தில் வசிப்பவர்கள், இஸ்ரேலின் அரபுக் குடிமக்கள் எல்லாரையும் உள்ளே கொண்டுவர வேண்டும் என்பது கணக்கு. 2015-ல் பிரதமர் இல்லத்துக்கு வெளியே கூடாரம் போட்டு, முந்தைய வருடப் போர் நடந்த 50 நாளுக்குச் சமமாக 50 நாள் முறைவைத்து உண்ணாவிரதம் இருந்தார்கள். இடதுசாரிகள் மட்டும் போட்ட கூடாரம் என்றால் யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆளைச் சேர்த்தார்கள், பல்லாயிரம் பேர் ஆனார்கள். ஆனால் இவ்வளவு பேரைச் சேர்த்து எந்தக் கதவை முட்டுவது என்று வந்தபோது கையில் குறிப்பிட்ட கோரிக்கை இல்லை. என் வருத்தம் அது. ‘நான்கு அன்னையர்’ எண்ணிக்கையில் கொஞ்சம்தான். ஆனால் ‘லெபனானிலிருந்து வெளியேறு’ என்பதை அமைச்சர் கேட்டுவிட்டு மழுப்ப முடியாது.

சின்னக் கோரிக்கையிலும் சிக்கல் உண்டு. ‘மஹ்ஸோம் வாட்ச்’ 2001-ல் தொடங்கியது. மஹ்ஸோம் என்றால் எபிரேயத்தில் சோதனைச் சாவடி. எல்லாரும் இஸ்ரேலியப் பெண்கள், பெரும்பாலும் வயதானவர்கள். விடியற்காலையில் சாவடிக்குப் போய் நின்று, யாரை எவ்வளவு நேரம் நிறுத்தினார்கள், சிப்பாய் என்ன சொன்னான் என்று எழுதி வெளியிடுவார்கள். பாட்டி வயதில் ஒருத்தி நோட்டுப்புத்தகத்தோடு நின்றால் 19 வயதுச் சிப்பாய்க்குக் கொஞ்சம் கூச்சம் வரும். அனுமதி மறுக்கப்பட்டோர் பட்டியலில் மாட்டியவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார்கள். இதைச் செய்யச் செய்ய அவர்களுக்குள்ளேயே கேள்வி வந்தது: வரிசையைச் சீராக்கிக் கொடுத்து சாவடியையே நாம் சகித்துக்கொள்ளும்படி ஆக்குகிறோமா? பதில் கிடைக்கவில்லை. மறுநாள் காலையும் போனார்கள்.

-----

வைகைக்கரை எழுதியது:

நன்றி எல்லாருக்கும். அரை மணி நேரத்துக்கு இப்போது சரக்கு அதிகமாகிவிட்டது. புத்ருஸையும் பத்தீரையும் விடப்போவதில்லை, வேறெதையாவது வெட்டுகிறேன். வட்டத்தில் வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, “இந்தப் பெண்ணும் அந்தப் பெண்ணும் ஒரு காபி குடிக்க வேண்டும், எங்கே குடிப்பார்கள்?” என்று கேட்டுத் தொடங்கலாம் என்று இருக்கிறேன்.

நர்ஸ் அக்கா, ஒரே ஒரு கேள்வி. அந்த அம்மாவுக்குப் பாலஸ்தீனப் பெண்கள் யாரையாவது நேரில் தெரியுமா?

-----

தக்கலை நர்ஸ் எழுதியது:

தெரியும் தம்பி. ரமல்லாவில் ஒரு சிநேகிதி இருந்தார். தொண்ணூறுகளில் ஏதோ கூட்டத்தில் பழக்கமாம். ஜெருசலேமிலிருந்து ரமல்லா 15 கிலோமீட்டர்தான். எங்கள் வீட்டிலிருந்து நாகர்கோவில் போகிற தூரம். நான் இருந்த 5 வருடத்தில் ஒருமுறைகூட அவர்கள் சந்திக்கவில்லை. இவருக்கு அங்கே போகச் சட்டம் விடாது, அவருக்கு இங்கே வர அனுமதி கிடைக்காது. பெருநாளைக்கு இவர் போன் செய்வார், யூதப் புத்தாண்டுக்கு அவர் போன் செய்வார். இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். முக்கால்வாசி மூட்டுவலி மாத்திரை பற்றித்தான் பேச்சு. நான் கொடுக்கிற மாத்திரையின் பெயரைக் கேட்டு அந்த அம்மா எழுதிக்கொள்வார், எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டும்.

நான் ஊருக்கு வந்த பிறகு இவர் காலமாகிவிட்டார், மகள் மெசேஜ் அனுப்பியிருந்தார். ரமல்லா அம்மாவுக்கு யாராவது சொன்னார்களா என்று கேட்டேன். சொன்னோம், அடக்கத்துக்கு அவரால் வர முடியவில்லை, போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்தோம் என்றார்.